மோப்பமும் சாமிக்கு எடுத்து வைத்த காயினும்

திருத்தணியில் முருகனுக்குத் தெரியாமல்கூட ஒரு காரியத்தைச் செய்துவிடலாம். மோப்பத்துக்குத் தெரியாமல் முடியவே முடியாது. பெற்றவர்கள் அவருக்கு நல்லதாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் அடுத்தடுத்த அறையில் குடியிருந்த காலம் முழுக்க நான் மோப்பம் என்றுதான் கூப்பிட்டேன். அவரும் ‘ஆங்’ என்று திரும்பிவிடுவார்.

அவருக்குச் சொந்த ஊர் அம்மையார்குப்பம். பஸ் ஏறினால் வீட்டுச் சோறே சாப்பிடலாம். ஆனால் வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் மீட்டிங் என்று உட்கார்ந்தால், சென்னையில் இருக்கும் மேலதிகாரி ‘ரயிலில் இருக்கிறீர்கள் போல, இறங்கினதும் பேசலாம்’ என்று வைத்துவிடுவாராம். அந்தச் சத்தத்துக்குப் பயந்து லாட்ஜுக்கு வந்தவர், ஸ்டேஷன் பக்கத்தில் நிஜ ரயிலே ஓடும் என்று யோசிக்காமல் அட்வான்ஸையும் கட்டிவிட்டார்.

ஒருநாள் என் ஜன்னலில் வைத்திருந்த வாழைப்பழச் சீப்பு காணாமல் போனது. போனால் போகிறது, பழம்தானே என்று நான் விட்டுவிட்டேன். மோப்பம் விடுவாரா? ஜன்னல் கம்பியை முகர்ந்தார். மொட்டை மாடிக்குப் போய்த் தோலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து என் மேஜையில் பரப்பினார். சாயங்காலம் தீர்ப்பு வந்தது. எடுத்தது ஒரு குரங்கு, தின்றது வேறு குரங்கு. முதல் குரங்கு தண்ணீர் டேங்க் மேல் வைத்துக் கைமாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது.

“எடுத்தவன் கையில சரக்கு இருக்காது சார். மாத்தி வுட்டுடுவான்” என்றார்.

அதெல்லாம் சரி, பழம் திரும்பி வருமா என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்காக ரொம்ப நாள் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

அவர் உத்தியோகமே அதுதான். கிரிப்டோ காயினில் நடக்கிற திருட்டைப் பின்தொடர்ந்து போய்க் கண்டுபிடிப்பது. போலீசுக்கு இந்த மாதிரி வழக்குகளில் உதவுகிற ஒரு கம்பெனியில் சம்பளம். கண்ணுக்கே தெரியாத காசை எப்படி ஐயா பிடிப்பீர்கள் என்று ஒருநாள் வாயைக் கொடுத்துவிட்டேன்.

“ஆடிக் கிருத்திகையில ஒருத்தன் திருடிட்டுக் கூட்டத்துல பூந்துட்டான்னு வெச்சிக்கோங்க. மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மஞ்சத் துணி கட்டிக்கினா எவன் எவன்னு தெரியுமா? தெரியாது. ஆனா ஊருக்குப் போவ பஸ் ஏறித்தான ஆவணும்? நான் அங்க நிப்பேன்.”

அதாவது, காயின் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவது ஒவ்வொன்றும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பதிவாகிவிடுகிறது. பெயர் மட்டும் இருக்காது. முழ நீளத்துக்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு முகவரி இருக்கும். திருடன் காயினைப் பிரிப்பான், சேர்ப்பான், நூறு முகவரிக்குச் சுற்றவிடுவான். ஆனால் கடைசியில் ரூபாயாக்கினால்தான் அரிசி பருப்பு வாங்க முடியும். சட்டப்படி நடக்கிற எக்ஸ்சேஞ்சில் மாற்றப் போனால் ஆதாரும் பான் கார்டும் கேட்பார்கள். மோப்பத்தின் பஸ் ஸ்டாண்டு அதுதான்.

இவ்வளவும் தெரிந்த மனிதர், சாப்பாட்டுக்குப் போனில் பணம் அனுப்பமாட்டார். கசங்கின நோட்டுதான். நான் ஊரைப் பார்க்கிற மாதிரி ஒருத்தன் என்னைப் பார்க்கமாட்டானா என்பார். இப்படி ஒரு சந்தேகப் பிராணியோடு தினமும் மூன்று வேளை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட எனக்குக் கோயிலில் பரிவட்டமே கட்டலாம்.

சாப்பிட்டது பாவா மெஸ்ஸில். பாவா என்றால் தெலுங்கில் அக்கா வீட்டுக்காரர். பரிமாறுகிற மச்சான்கள் முதலாளியை அப்படிக் கூப்பிட, சாப்பிட வந்தவர்களும் கூப்பிட, கடைசியில் போர்டிலும் அதையே எழுதிவிட்டார்கள். கூட்டு கேட்டால் பொரியலும் சேர்த்து வைக்கிற மனுஷன். அவருக்குத்தான் வந்தது வினை.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் வந்து, காதுகுத்துக்கு விருந்துச் சமையல் பேசினான். பாவாவின் பேங்க் கணக்குக்கு அட்வான்ஸ் போட்டான். போட்டது பேசினதைவிடப் பல மடங்கு. கை தவறிவிட்டது, மீதியைக் கேஷாகக் கொடுங்கள் என்றான். அடுத்தவன் காசு நமக்கெதற்கு என்று பாவா பேங்குக்கு ஓடி எடுத்துவந்து கொடுத்தார். வெயிலில் வந்திருக்கிறானே என்று அந்தப் புண்ணியவானுக்கு ஒரு சாப்பாடும் இலவசமாகப் போட்டார்.

காதுகுத்து நடக்கவில்லை. பாவாவின் கணக்கு முடங்கியது. சைபர் கிரைம் போலீசிலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ரிட்டையர்டு வாத்தியாரை ஏமாற்றி வாங்கின காயின், எங்கெங்கோ சுற்றி, யாருக்கோ விற்கப்பட்டு, விற்ற ரூபாய் வந்து விழுந்த இடம் பாவாவின் கணக்கு. ஆளைக் காட்டு என்றால் பாவா என்ன செய்வார்? அவன் போன் செத்துக் கிடந்தது. ஆளைக் காட்டாவிட்டால் பாவாவும் கூட்டாளி என்றுதான் கேஸ் போகும். உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று ஊர் பேச ஆரம்பித்தது. நம் ஊருக்குச் சொல்லவா வேண்டும்? மெஸ்ஸில் ஈ ஓட்டினார்கள்.

மோப்பம் முதல் நாளே போய் வாசலோரம் இருக்கிற மேஜையில், தெருவுக்கு நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்துகொண்டார். மனிதருக்கு அல்சர். பாவாவின் காரத்துக்குப் பாதி நாள் மோர்சாதம்தான். அப்போதோ, ‘பாவா, இன்னும் கொஞ்சம் காரக்குழம்பு’ என்று தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டார். மேலதிகாரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, கேஸைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

வாத்தியாரின் முகவரியிலிருந்து நூல் பிடித்துப் போனார். காயின் கைமாறுகிற ஒவ்வொரு தடவையும் பழைய முகவரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது முகவரிக்கு ஓடியது. சாமர்த்தியமான திருடன். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னத் துண்டு மட்டும் பிரிந்து, மாறாமல் ஒரே முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது. பதினொரு காயின், இருபத்தொன்று, ஐம்பத்தொன்று. இது ஏதோ மென்பொருள் செய்கிற புதுத் தந்திரம் என்று கம்பெனியில் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மோப்பம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“சார், திருடன் நம்மூர்ப் பக்கத்து ஆளு. பக்தன் வேற. திருடறப்பல்லாம் சாமிக்குன்னு பத்தோட ஒண்ணு, இருவதோட ஒண்ணு சேர்த்து எடுத்து வெச்சிகினு வந்திருக்கான்.”

நாம் மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைப்பதை அவன் காயினில் செய்திருக்கிறான். சாமி காசை வேறு காசோடு கலக்கக் கூடாது, இடம் மாற்றக் கூடாது. மற்ற முகவரிகளை எல்லாம் மாற்றினவன், அந்த முடிச்சில் மட்டும் கை வைக்கவில்லை. எல்லாக் காசையும் ஊரார் கணக்கில் இறக்கினவன், ஆடிக் கிருத்திகைக்கு உண்டியலில் போட அதை மட்டும் முறைப்படி ஒரு எக்ஸ்சேஞ்சில் விற்று, தன் சொந்தக் கணக்கில் வாங்கியிருந்தான். வேண்டுதல் காசு அடுத்தவன் கணக்கில் வந்தால் பலிக்காதே!

போலீஸ் கேட்டதும் எக்ஸ்சேஞ்சிலிருந்து பெயர், போட்டோ எல்லாம் வந்தன. கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப் பக்கம் மொபைல் கடை வைத்திருந்தவன். போட்டோவைக் காட்டியதும் பாவா, இவன்தான் ரெண்டாவது தடவை ரசம் கேட்டான் என்று அடையாளம் சொன்னார். பிடித்தபோது அவன் ஒன்றே ஒன்றுதான் கெஞ்சினானாம். மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள், உண்டியல் காசை மட்டும் விட்டுவிடுங்கள், சாமி குத்தமாகிவிடும் என்று.

பாவாவின் பேரில் கேஸ் இல்லை என்றானது. கணக்கைத் திறந்துவிட்டார்கள். அன்றைக்கு மெஸ்ஸில் உட்கார இடமில்லை, வெட்கமில்லாமல் எல்லாரும் வந்திருந்தார்கள். பாவா எங்கள் இரண்டு பேர் இலையிலும் வடையை வைத்துவிட்டு, மோப்பத்தின் எதிரே உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க. ஊரே என்னை நம்பல. நீங்க மொதல்ல என்னைத் துருவிப் பாத்துட்டுதான வந்து குந்துனீங்க?”

மோப்பம் வடையைப் பிட்டார். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி முழித்தார்.

“எல்லாரையும் பாத்தேன் பாவா. லாட்ஜ் மேனேஜரப் பாத்தேன். தோ, இந்த சாரக்கூடப் பாத்தேன். ஒங்கள மட்டும் பாக்கல.”

“ஏன் பாக்கல?”

“தோணல பாவா.”

பாவா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டார். என்னைச் சந்தேகப்பட்டதற்கு நியாயமாக நான் அங்கேயே ஒரு சண்டை பிடித்திருக்க வேண்டும். மனசு வரவில்லை. என் இலையில் இருந்த வடையையும் எடுத்து மோப்பத்தின் இலையில் வைத்தேன்.