மாத்துவழியாரின் வாடகை வீட்டில்

காரிமங்கலத்தில் கெட்டுப்போன பொருளை ரிப்பேர் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். நன்றாக இருக்கும் பொருளை ரிப்பேர் செய்யத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டு உரிமையாளராக வாய்த்தது எங்கள் ஜாதகம்.

பஸ் டிப்போவில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பக்கம் அவர் தனியாக இருக்கிறார், பின்பக்கத்தில் நானும் என் மனைவி செல்வியும். எதைச் சொன்னாலும், "அதுக்கு ஒரு மாத்துவழி இருக்குதுங்க சார்" என்பார். அதனால் ஊரில் அவருக்கு மாத்துவழியார் என்றே பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

நாங்கள் குடிவந்த புதிதில், துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறி இறங்கக் கால் வலிக்கிறது என்று செல்வி தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாள். மறுநாளே கப்பி, கயிறு, பழைய சைக்கிள் ரிம் எல்லாம் சேர்ந்து ஒரு கொடி தயாராகிவிட்டது. கீழே நின்று கயிற்றை இழுத்தால் துணி தானாக மேலே போகும். போனது. திரும்பி வரவில்லை. செல்வியின் பச்சைப் பட்டுப்புடவை தென்னை உயரத்தில் கட்சிக் கொடி மாதிரி நாள் கணக்கில் பறந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் எந்தக் கட்சி என்று விசாரித்தார்கள்.

அடுத்து தண்ணீர் மணி. எங்கள் தெருக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாத்துவழியார் குழாய் வாயில் ஒரு தகரத் தட்டைப் பொருத்தி, கம்பி இழுத்து, கம்பியின் கோடியில் ஒரு மணியைத் தொங்கவிட்டார். தண்ணீர் வந்து தட்டைத் தள்ளினால் மணி அடிக்கும். தண்ணீருக்கு முன்னால் குழாயில் வெறும் காற்று வரும் என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனால் மணி கட்டுகிற சந்தோஷத்தில் மறந்துவிட்டார். காற்று வந்தது, மணி அடித்தது, தெருவே குடத்தோடு ஓடிவந்தது. காற்றும் விடாமல் வந்தது, மணியும் விடாமல் அடித்தது. சலித்துப்போய் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிய பிறகு தண்ணீர் வந்தது. அதற்குள் மணியின் நாக்கு கழன்று சாக்கடையில் விழுந்திருந்தது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கியிருக்கலாம். எங்கள் சமையலறைக் கழிவுத் தண்ணீரைத் தன் எலுமிச்சைச் செடிக்குக் கொண்டுபோக அவர் ஆசைப்பட்டதுதான் வினை. பிளாஸ்டிக் பைப்பை இரண்டாகப் பிளந்து வாய்க்கால் போட்டார். சரிவு செடிப்பக்கம் போகாமல் எங்கள் கொல்லைவாசல் பக்கம் திரும்பியிருந்தது. தண்ணீர் தேங்கி, பாசி பிடித்து, ஒருநாள் காலை செல்வி வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவர் வாசலில் நின்றார். "சரிவு தப்பிப் போச்சுங்க சார்" என்றார். எனக்குத் திட்டு வாய் நிறைய வந்தது. செல்வி முந்திக்கொண்டாள்.

"அண்ணா, இந்த மாசத்தோட வூட்ட காலி பண்ணிடறோம்ங்க."

சந்தைத் திடலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தேன். குழாய் ஒழுகவில்லை, கதவு முனகவில்லை, உரிமையாளர் வெளியூரில் இருந்தார். இதைவிட என்ன வேண்டும்? கட்டுப் பிரித்ததும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் மாத்துவழியார் நிறுத்தவில்லை. பேச மாட்டார், கதவைத் தட்ட மாட்டார். காலையில் எழுந்து பார்த்தால் படியில் ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு கையால் வெங்காயம் நறுக்க ஆணி அடித்த பலகை ஒன்று. அது வெங்காயத்தைப் பிடித்ததைவிட என் விரலைத்தான் நன்றாகப் பிடித்தது. கட்டுப் போட்ட கையைத் தொங்கவிட உத்தரத்தில் மாட்டும் கயிற்று ஊஞ்சல் ஒன்று. செல்வி அதைத் தொடக்கூட இல்லை. எல்லாவற்றையும் ஒரு மூலையில் போடச் சொன்னாள்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டின் நிஜமான துக்கம் களி. செல்விக்கு ராத்திரியில் கேழ்வரகுக் களி இறங்கினால்தான் தூக்கம் வரும். களி கிண்ட இரண்டு கை வேண்டும். ஒரு கை இடுக்கியால் பாத்திரத்தைப் பிடிக்க, ஒரு கை துடுப்பைச் சுழற்ற. பிடி தளர்ந்தால் பாத்திரமும் துடுப்போடு சேர்ந்து சுற்றும். நான் கிண்டிப் பார்த்தேன். வெளியே கல், உள்ளே மாவு. செல்வி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டாள். கை போனதற்குக்கூட அழாதவள், அன்றைக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் படியில் ஒரு மரச்சட்டம் இருந்தது. நடுவில் வட்டமான பள்ளம், பள்ளத்தைச் சுற்றிச் சைக்கிள் டியூப் ரப்பர், பக்கத்தில் இறுக்க ஒரு திருகாணி. என்னவென்று எனக்குப் புரியவில்லை. செல்வி ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். உள்ளே போய்க் களிப் பாத்திரத்தை எடுத்துவந்து வைத்தாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. கொல்லையில் கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரத்தை எலுமிச்சைச் செடியோரம் நின்றே கண்ணால் அளந்திருக்கிறார் மனிதர்.

அன்று ராத்திரி வெந்த மாவை இறக்கிச் சட்டத்தில் வைத்து, ஒற்றைக் கையால் கிண்டினாள். பாத்திரம் அசையவில்லை. கட்டி இல்லாத களி, கீரைக் கடைசல். அவர் வாழ்நாளில் உருப்படியாக வேலை செய்த முதல் சாமான் அதுவாகத்தான் இருக்கும். செல்வி ஒரு உருண்டையைக் கிண்ணத்தில் வைத்து என்னிடம் நீட்டி, முன்பக்கம் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, "திருகாணி லூஸாவலீங்களே?" என்று மட்டும் கேட்டார்.

கட்டுப் பிரித்தார்கள். கை பழையபடி ஆகிவிட்டது. சந்தைத் திடல் வீட்டுக்காரர் போன் செய்தார். நாங்கள் வரவில்லை என்றேன். வீட்டில் என்ன குறை என்று கேட்டார். ஒரு குறையும் இல்லைங்க என்றேன். அதுதான் உண்மை.

போன வாரம் மாத்துவழியார் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கைதான் சரியாகிவிட்டதே, அந்தச் சட்டத்தைக் கொடுத்தால் அதில் ஒரு மோட்டாரைப் பொருத்தி, களியைத் தானாகக் கிண்ட வைக்கலாம் என்றார். மோட்டாரோடு களி எந்தச் சுவரில் போய் ஒட்டும் என்று நான் மனதுக்குள் இடம் பார்க்க ஆரம்பித்தேன்.

சற்றுமுன்தான் நிறை குடத்தை அதே கையால் தூக்கிவந்து இறக்கிய செல்வி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் வலிக்குதுங்கண்ணா. அது இங்கியே இருக்கட்டும்."

அவர் முகம் வாடிவிட்டது. "எங்க வலிக்குதும்மா? இப்பிடித் திருப்பினாவா?" என்று பதறிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்து, மணிக்கட்டைச் சுற்றி அளக்க ஆரம்பித்தார். அடுத்து ஏதோ வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செல்வியோ வலியே இல்லாத கையை நீட்டிக்கொண்டு, அவர் அளந்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள்.