பேர் சொல்லிக் கூப்பிட்ட நாளிலேர்ந்து

குறை சொல்ற கடுதாசின்னு ஓரமா வச்சிடாதீங்க டைரக்டர் தம்பி, எங்க வீட்டுக்காரரை நீங்க வாங்கிட்டுப் போன மாதிரியே திருப்பிக் கொடுக்கணும், அவ்வளவுதான். முதல்ல கேட்க வேண்டியதைக் கேட்டுடறேன். நீங்க சௌக்கியமா, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா, எங்க வாசப்படியில தடுக்கி விழுந்த கேமராக்காரருக்கு முட்டி ஆறிடுச்சா? தினமும் விளக்கேத்தும்போது உங்க படம் நல்லா ஓடணும்னும் ஒரு வார்த்தை சேர்த்துத்தான் சொல்றேன். சாமிக்கு உங்களை அடையாளம் தெரியணுமே, 'அந்த ஆறு பாக்கெட் சட்டைக்காரர்'னு சொல்லி வச்சிருக்கேன்.

அன்னிக்கு நீங்க சோபாவுல உட்கார்ந்து, "அம்மா, முப்பது வருஷத்துக்கு முந்தின கதை, புரட்சி பண்றோம்னு கிளம்பின கூட்டத்துக்குள்ள ஒரு போலீஸ்காரர் மாறுவேஷத்துல நுழையறார், சார்தான் எங்களுக்கு யோசனை சொல்லணும்"னு சொன்னீங்களே, அப்பத்தான் எனக்கே தெரியும் இவர் அப்படி ஒரு வேலை பார்த்தார்னு. இவர் போலீஸ் ரெக்கார்டு ரூம்ல ஃபைலுக்குத் தூசி தட்டறார்னுதான் நான் கல்யாணம் ஆன நாளா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன். அந்தக் கூட்டத்தோட அச்சாபீஸ்ல எழுத்து கோர்க்கிறவரா ரெண்டு வருஷம் இருந்தாராம், வேற பேராம், தாடியாம். டீ டம்ளரை நீட்டின கை நீட்டினபடியே நின்னுட்டேன். சரி, போனதெல்லாம் போகட்டும், பென்ஷன் வாங்கிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குப் பொழுது போகுமேன்னு நானும் தலையாட்டினேன். என் தலைக்கு அன்னிக்கே ஒரு குட்டு வச்சிருக்கணும்.

உங்க ஹீரோ அந்தச் சுருட்டைமுடி தினமும் பாடம் கேட்க வந்தார் இல்லையா, ரெண்டாம் நாள் இவர் சொன்னார், "பின்னாலேர்ந்து நிஜப் பேரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. தோள்கூட அசையக் கூடாது. இது அரிச்சுவடி." சுருட்டைமுடி ஒவ்வொரு தடவையும் திரும்பிட்டார், பாவம், நல்ல வளர்ப்பு. உடனே இவர், "நான் நடந்து காட்டறேன், நீ கூப்பிடு"ன்னார் என்னைப் பார்த்து. "நானா? பேர் சொல்லியா? நாக்கு அழுகிடும்"னேன். "ஒண்ணும் அழுகாது, சொல்லுடி." கன்னத்துல போட்டுக்கிட்டு, முப்பது வருஷத்துல முதல் தடவையா அந்தப் பேரை வாயால சொன்னேன் தம்பி. ஏதோ பக்கத்துத் தெருக்காரர் பேரைச் சொன்ன மாதிரி இருந்தது. திரும்பலை. இன்னொரு தரம் சொன்னேன். திரும்பலை. சுருட்டைமுடி கை தட்டினார். பாடம் முடிஞ்சு அவரும் கிளம்பிப் போயிட்டார். இவர் மட்டும் வராண்டாவுல நடந்துக்கிட்டே இருந்தார். "போதும், சாப்பிட வாங்க"ன்னேன். அதுக்கும் திரும்பலை.

அன்னிலேர்ந்து இப்படித்தான். முன்னால போய் நின்னா பேசறார், பின்னால நின்னா நான் காத்துதான். முன்னெல்லாம் தட்டை நகர்த்தக்கூட மாட்டார், இப்போ கழுவித் துடைச்சுக் கவுத்து வைக்கிறார். நல்லதுதானேன்னு நீங்க கேட்பீங்க, நானும் ரெண்டு நாள் அப்படித்தான் நினைச்சேன். ஆனா கழுவிட்டு, "ரொம்ப நன்றி தோழர்"னு சொன்னா அதை நல்லதுன்னு எப்படி எடுத்துக்கறது? கடைக்குப் போயிட்டு வந்தா நேரா உள்ள வர்றதில்லை, யாரோ வீடு மாதிரி ரெண்டு தரம் தாண்டிப் போயிட்டு அப்புறம்தான் நுழையறார். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் குளியலறையிலேர்ந்து ஒரு சிரிப்புச் சத்தம். இவர் சிரிப்பு எனக்குத் தெரியும், கதவு கிறீச்சுன்னு திறக்கிற மாதிரி இருக்கும். இது வேற, சின்ன வயசுக்காரர் சிரிப்பு. யாரோ உள்ள இருக்காங்கன்னு துடைப்பத்தோட நின்னேன். கதவைத் திறந்துட்டு இவர்தான் வந்தார்.

அலமாரியில ஒரு நோட்டு. அடுத்தவங்க எழுதினதைப் படிக்கிறது பாவம்தான், ஆனா அது என்னைப் பத்தி இருந்ததால பாதிப் பாவம். "காலை ஆறு: விளக்கு ஏற்றினாள். ஏழு: பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மதில் வழியாக நாற்பது நிமிடம் ரகசியப் பேச்சு. விஷயம் தெரியவில்லை." விஷயம் அவ மருமக, அதுல ரகசியம் என்ன வாழுது! கீழ பாருங்க: "மூலை அறையில் கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம் தினமும் அரை மணி நேரம் தகவல் சொல்கிறாள். 'அப்பனே' என்று அழைக்கிறாள். ஆள் யார் என்று விசாரிக்க வேண்டும்." சாமியவே விசாரிக்கப் போறாராம்! சிரிச்சேன் தம்பி. சிரிச்சுட்டு நோட்டை வைக்கும்போது பார்த்தா கையெழுத்து இவரோடதே இல்லை. இவர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இது முத்து முத்தா, அச்சுல வார்த்த மாதிரி.

நேத்து பொறுக்க முடியாம முன்னால போய் உட்கார்ந்தேன். "நான் யாருன்னு தெரியுதா?"ன்னேன். அக்கம்பக்கம் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்தி, "தெரியும். நீங்களும் நல்லாத்தான் பண்றீங்க. இந்த வீட்டுல எத்தனை வருஷமா இருக்கீங்க?"ன்னார்.

"முப்பது வருஷமா."

"அடேயப்பா! ஒருத்தருக்கும் சந்தேகம் வரலையா?"

"வரலை"ன்னேன்.

"கஷ்டமா இருந்திருக்குமே"ன்னார். தம்பி, முப்பது வருஷத்துல அந்தக் கேள்வியை என்கிட்ட யாரும் கேட்டதில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டேன். அழுதேனா, பயந்தேனான்னு எனக்கே தெரியலை.

எங்க பொண்ணு அடுத்த ஞாயித்துக்கிழமை ஆறு மாசக் குழந்தையோட வர்றா. இவர் வாசலுக்கு முதுகைக் காட்டி நிக்கும்போது அவ வண்டியிலேர்ந்து இறங்கி "அப்பா"ன்னு கூப்பிடுவா. திரும்பலைன்னா அவ மனசு உடைஞ்சிடும், பச்சை உடம்புக்காரி. அதனால ஒரே ஒரு உதவி. மேலதிகாரி நேர்ல வந்து 'வேலை முடிஞ்சது'ன்னு சொன்னாத்தான் வேஷத்தைக் கலைக்கணும்னு சுருட்டைமுடிக்கு இவரே சொல்லிக் கொடுத்தார். இவரோட அதிகாரி செத்து வருஷமாச்சு. உங்க படத்துல அதிகாரியா நடிக்கிறவர் மீசையும் யூனிஃபார்முமா ஒருத்தர் இருப்பாரே, அவரைச் சனிக்கிழமைக்குள்ள அனுப்பி அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்ல வைங்க. வசனத்தை மட்டும் மறந்துடாம இருக்கணும். மறந்துட்டா நான் திரைக்குப் பின்னாலேர்ந்து எடுத்துக் கொடுக்கறேன்.

உங்க வீட்டம்மாவுக்கு என் அன்பு. உங்களுக்கும் உங்க கூட்டத்துக்கும் ஒரு குறையும் வராம என் சாமி பார்த்துக்கட்டும், அவரை இவர் அதுக்குள்ள விசாரணைக்குக் கூட்டிட்டுப் போகாம இருந்தா.

இப்படிக்கு,
திருப்பித் தரச் சொல்லிக் கேட்கிற அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவ பிரிச்சு எழுதறேன். அதிகாரியை அனுப்பாதீங்க தம்பி. தயவுசெய்து அனுப்பாதீங்க. அந்த வேலை முடிஞ்ச மாசம் எதுன்னு அன்னிக்கு இவர் உங்ககிட்ட சொன்னாரே, இப்பத்தான் விரலை மடக்கிப் பார்த்தேன். இவர் என்னைப் பொண்ணு பார்க்க வந்தது அதுக்கு நாலு மாசம் முந்தி. பார்த்துட்டுக் கிளம்பும்போது குடையை விட்டுட்டுப் போனார். எங்கப்பா குடையைத் தூக்கிக்கிட்டு, தெருமுனை வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே பின்னால ஓடினார். இவர் திரும்பவே இல்லை. 'பையனுக்குக் காது கொஞ்சம் மந்தம், மத்தபடி தங்கம்'னு சொல்லித்தான் கட்டி வச்சாங்க. இவருக்குக் காதுல அன்னிக்கும் ஒரு குறையும் கிடையாது. வேஷத்தோட வந்து பார்த்தவரைத்தான் நான் கட்டிக்கிட்டேன், அதைக் கலைச்சா மிச்சம் யார் இருப்பார் தம்பி?