ரிசப்ஷன் மேடையில் ஒரு லண்டன் தீர்ப்பு

மைக் பிடித்துப் பழகியவனுக்கு அதை எப்போது கீழே வைப்பது என்று தெரியாது. இதை நான் அரசியல்வாதிகளைப் பற்றிச் சொல்லவில்லை. என்னைப் பற்றித்தான் சொல்கிறேன். அரசுக் கல்லூரியில் முப்பது வருடம் அரசியல் அறிவியல் நடத்தினேன். மாணவர்கள் தூங்குவது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காக நான் ஒரு நாளும் நிறுத்தியதில்லை. ஓய்வு பெற்று மரக்காணத்துக்கு வந்த பிறகு கேட்க ஆளில்லாமல் போனது. (மனைவி இருந்தாள். நான் தொண்டையைக் கனைத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.) அப்படிப்பட்டவன் கையில், சொந்த மகனின் கல்யாண ரிசப்ஷனில், யாராவது மைக்கைக் கொடுப்பார்களா? கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

கதை லண்டனில் தொடங்குகிறது. என் மகன் இளங்கோவுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. என் தம்பி ஏழுமலை இங்கே உப்பளம் வைத்திருக்கிறான். அவன் மகள் ரேவதியும் லண்டனில்தான், நர்ஸ். அவள் கணவன் தனசேகர் பாண்டிச்சேரிக்காரன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் பேரனும் பிறவியிலேயே பிரெஞ்சுக் குடிமகன். அந்தப் பாஸ்போர்ட்டை வைத்துத்தான் இருவரும் லண்டனில் குடியேறியிருந்தார்கள். இளங்கோ அங்கே போன புதிதில் ஒரு வருடத்துக்கு மேல் ரேவதி வீட்டு ஹாலில்தான் படுத்துக்கிடந்தான். காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக் கொடுத்தவள் அவள்.

அந்தச் சமயத்தில்தான் பிரிட்டனில் பொதுவாக்கெடுப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருப்பதா, விலகுவதா? இதில் ஒரு வேடிக்கை உண்டு. காமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த இளங்கோவுக்கு அதில் ஓட்டு இருந்தது. பிரெஞ்சுக் குடிமகன் தனசேகருக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்ட அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளைக்காரன் நாட்டின் தலையெழுத்தை ஒரு மரக்காணத்துக்காரன் எழுதப்போகிறான்! அவனுக்குச் சொல்லிக்கொடுக்க நான் இருக்கிறேன்!

தினமும் போன் செய்தேன்.

"விலகணும்னு போடுடா. ஐரோப்பாக்காரன் கூட்டம் கொறைஞ்சா நம்ம பசங்களுக்கு வழி பொறக்கும்."

"யோசிக்கிறேன்பா."

"இதுல யோசிக்க இன்னா இருக்குது? நான் சொல்றேன் இல்ல?"

ஓட்டுப் போடும் நாளன்று அவனே கூப்பிட்டான். "போட்டுட்டேன்பா. நீ சொன்னதுக்குத்தான். யார்கிட்டயும் சொல்லிக்காத. முக்கியமா சித்தப்பா வீட்ல."

முடிவு வந்தது. பிரிட்டன் விலகுகிறது. நான் ஜாங்கிரி வாங்கி, காலையில் என்னோடு நடக்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். "நாம ஜெயிச்சிட்டோம்" என்றேன். அந்த 'நாம' யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜாங்கிரி நன்றாக இருந்தது.

சில வருடங்களில், அந்த விலகலைக் காரணம் காட்டி, தனசேகர் வேலை பார்த்த கம்பெனி அவனுடைய பிரிவை அப்படியே பாரீசுக்கு மாற்றிவிட்டது. அவன் போனான். ரேவதியால் போக முடியவில்லை. அங்கே நர்ஸ் வேலைக்கு பிரெஞ்சு படித்துத் தேற வேண்டும், கையில் குழந்தை ஜனனி. புருஷன் ஓர் ஊரில், பெண்டாட்டி பிள்ளை ஓர் ஊரில். தம்பி இதை உப்பள வரப்பில் நின்று என்னிடம் சொன்னான். நான் சொன்ன ஆறுதலை அப்படியே எழுதுகிறேன்: "பாரீஸ்தானேடா? ரயில் இருக்குது. இங்கேர்ந்து மெட்ராஸ் போற மாதிரிதான்." அவன் குனிந்து மடை வாயைச் சரிசெய்தான். சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை.

இளங்கோவின் கல்யாணம் கொரோனா ஓய்ந்த பிறகு நடந்தது. ரேவதி லண்டனிலிருந்தும் தனசேகர் பாரீசிலிருந்தும் வந்தார்கள். எங்களுக்குப் பெண் பிள்ளை இல்லை. அதனால் நாத்தனாராக நின்று தாலியின் மூன்றாம் முடிச்சைப் போட வேண்டியவள் ரேவதி. ரேவதிக்கும் கூடப் பிறந்தவன் இல்லை. அதனால் கல்யாணத்துக்கு மூன்றாம் நாள் குலதெய்வக் கோயிலில், இளங்கோதான் தாய்மாமனாக உட்கார்ந்து, ஜனனியை மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். தம்பி அதற்காகக் கிடா வாங்கிக் கட்டியிருந்தான். மடியில் உட்காருவதற்கு ஜனனி ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தாள், வருகிற போகிறவர்கள் மடியில் எல்லாம்.

ரிசப்ஷன் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை. பெண் வீட்டார் பொம்மையார்பாளையம். சம்பந்தி ஆர்க்கெஸ்ட்ரா வைக்கலாம் என்றார். "அறிவுக்கு விருந்தா ஒண்ணு பண்ணலாம்" என்று நான் பட்டிமன்றம் வைத்தேன். தலைப்பு: ஐரோப்பாவை விட்டு விலகியதால் பிரிட்டனுக்கு நன்மையா, தீமையா? நடுவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் ஜனங்கள் கை கழுவும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'நன்மையே' அணியில் பேசிய உப்பு வியாபாரி ஒருவர் நிலைமையைக் காப்பாற்றினார். "அவனவன் பாத்திக்கு அவனவன் வரப்பு கட்டுனாதாங்க உப்பு வெளையும்! அடுத்தவன் பாத்தியில மழ பேஞ்சா என் உப்பு ஏன் கரையணும்?" மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. உடனே 'தீமையே' அணியின் கல்லூரிப் பெண் எழுந்தாள். "வரப்பு கட்டிட்டீங்க, சரி. தண்ணி அடுத்த பாத்தி வழியாதான் வரணும். இப்ப இன்னா, ஆகாசத்துலேர்ந்து ஊத்துவீங்களா?" விசில் பறந்தது. உப்பளத்துக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, பந்தியில் இடம் பிடிப்பதை மறந்து கத்தினார்கள். லண்டனில்கூட அதை இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. எனக்கு அதைவிடப் பெரியதாக ஒன்று வேண்டியிருந்தது. தீர்ப்பு சொல்ல எழுந்தேன்.

"நன்மையே!" என்றேன். "அது மட்டுமல்ல. அந்தச் சரித்திரத்தில் மரக்காணத்துக்கும் பங்கு உண்டு. இதோ கோட் சூட்டில் நிற்கிறானே மாப்பிள்ளை, இவன் ஓட்டும் அதில் ஒன்று. விலக வேண்டும் என்று போட்டவன் என் மகன். போடச் சொன்னவன் நான்!"

பின்வரிசை தட்டியது. (சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் எதற்கும் தட்டுவார்கள்.) முன்வரிசையில் தனசேகர், தோளில் தூங்கிய ஜனனியை இன்னொரு தோளுக்கு மாற்றினான். ரேவதி எழுந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, மேடையில் இருந்த இளங்கோவைப் பார்த்தாள்.

"அப்படியாண்ணா?"

இளங்கோ வாயைத் திறந்தான். போட்டோகிராபர், "மாப்ள, இந்தப் பக்கம், ஸ்மைல்" என்றான். அந்த நேரம் பார்த்து இளங்கோ சிரித்துத் தொலைத்தான். ரேவதி உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி மேடைக்கு வந்தான். "இன்னாண்ணா சொன்ன? திருப்பிச் சொல்லு."

"டேய், பட்டிமன்றம்டா. சும்மா ஜனங்களுக்கு..."

"எம் பொண்ணு வூட்டு ஹால்ல படுத்துக்கினு, அவ கையால துன்னுட்டு, அவ புருசன வெளிய அனுப்பறதுக்கு ஓட்டா? நீ போன் போட்டுச் சொல்லிக் குடுத்தியா?"

"மெதுவாப் பேசுடா, நாலு பேர் கேக்கறாங்க."

நான் மெதுவாகத்தான் சொன்னேன். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. நாலு பேர் அல்ல, வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள்வரை கேட்டார்கள். சம்பந்தி என் பக்கத்தில் வந்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "ஆர்க்கெஸ்ட்ராவே வச்சிருக்கலாம்ங்க."

மறுநாள் முகூர்த்தத்துக்கு ரேவதி வருவாளா என்று நான் வாசலையே பார்த்திருந்தேன். வந்தாள். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, மணப்பெண்ணின் பின்னால் நின்று மூன்றாம் முடிச்சைப் போட்டாள். சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தாள். மணப்பெண்ணின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். பந்தியில் தம்பி வீட்டார் யாரும் உட்காரவில்லை.

மூன்றாம் நாள் காலை, நாங்கள் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். இளங்கோ தாய்மாமன் வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தான். ரேவதி என் மனைவிக்குப் போன் செய்தாள். "பெரியம்மா, கோயிலுக்கு வர வேணாம். நேத்தே பாண்டியில ஒரு நகைக்கடையில குத்திட்டோம். அவரு மடியில." கிடா பிழைத்தது. அந்தப் பொதுவாக்கெடுப்பால் எங்கள் குடும்பத்தில் நன்மை அடைந்த ஒரே ஜீவன் அதுதான்.

வேட்டியோடு இருந்த இளங்கோ அப்போதுதான் சொன்னான். "நான் ஓட்டே போடலப்பா."

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு லண்டன்ல செம மழ. ஆபீஸ்லேர்ந்து நேரா வீட்டுக்கு வந்து தூங்கிட்டேன். போடலன்னு சொன்னா நீ ஒரு மணி நேரம் கிளாஸ் எடுப்ப. போன வைக்கறதுக்காகச் சொன்னேன். அதனாலதான் யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன்."

"ரேவதிகிட்ட சொன்னியாடா?"

"நேத்தே சொன்னேன். இப்ப இன்னா சொன்னாலும் சமாளிப்பு மாதிரிதான்ணா இருக்குதுங்கறா."

நான் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் உப்பளத்துக்கு ஓடினேன். என்னிடம் இப்போது ஆதாரம் இருந்தது. என் மகன் குற்றமற்றவன். தம்பி, குவித்த உப்பின் மேல் கீற்று போட்டுக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மழை, தூக்கம், பொய், எல்லாம். அவன் வேலையை நிறுத்தாமல் கேட்டான்.

"சரிண்ணா. அவன் போடல. நம்பறேன். நீ போடச் சொன்ன இல்ல?"

"அது..."

"சொல்லும்போது எம் பொண்ணு ஞாபகம் வந்துச்சா?"

வந்தது, ஆனாலும் நாட்டின் நன்மை கருதிச் சொன்னேன் என்றால்கூட ஒரு கௌரவம் இருந்திருக்கும். வரவில்லை. அதுதான் உண்மை. தினமும் போன் செய்தேன். அவன் படுத்திருந்த ஹால் யாருடையது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அன்று உப்பளத்தில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வெயிலாயிடுச்சு, வூட்டுக்குப் போண்ணா" என்றான் தம்பி. வந்துவிட்டேன்.

இப்போது தம்பி வீட்டோடு பேச்சுவார்த்தை உண்டு. நல்லது கெட்டதுக்கு வருகிறார்கள். எங்கள் குடும்பத்தில், பாண்டிக்கு பஸ்ஸா காரா என்று இரண்டு பேர் சண்டை போட்டால்கூட, "பெரியவர்கிட்ட மைக்கக் குடுங்கப்பா, தீர்ப்பு சொல்லட்டும்" என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மரக்காணத்து மைக்செட்காரர் ஒரு விசேஷத்தில் என்னைக் கண்டதும் ஆம்ப்ளிபயரை அணைத்தார். அதற்கும் சிரித்தேன்.

போன பொங்கலுக்கு ரேவதியும் ஜனனியும் வந்திருந்தார்கள். தனசேகருக்கு லீவு கிடைக்கவில்லை. நகைக்கடையில் குத்தும்போது குழந்தை துள்ளியதில் ஒரு துளை சற்று மேலே விழுந்துவிட்டது. ஒரு தோடு எப்போதும் மற்றதைவிட உயரத்தில் இருக்கும். ஜனனி இரண்டுக்கும் பெயரும் வைத்திருக்கிறாள். வீடு நிறைய ஆட்கள் இருக்க, என் முன்னால் வந்து நின்று இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள்.

"பெரிய தாத்தா, இது லண்டன், இது பாரீஸ். எது நல்லா இருக்குது? தீர்ப்பு சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள், தம்பிகூட. ரேவதி மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலம்மா" என்றேன். அன்று அந்த மேடையில் நான் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்.