அடுத்த மாசமும் உண்டுங்களா?

"அடுத்த மாசமும் கூட்டம் உண்டுங்களா சார்?"

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எப்போதும் போல் கதவருகே நின்று கேட்டார் சுப்பராயலு.

திருநாவுக்கரசு வாயைத் திறந்தார். 'இல்லை' என்ற சொல் தயாராகத்தான் இருந்தது. காலையில் இட்லி சாப்பிடும்போதே மனைவி ரேகா அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துத்தான் அனுப்பியிருந்தாள். ஆனால் சுப்பராயலுவின் முகம் இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. புருவம் உயர்ந்து, கண் விரிந்து, பதிலுக்காக அப்படி ஏங்கிக்கொண்டிருந்தது.

"கண்டிப்பா உண்டு," என்றார் திருநாவுக்கரசு.

"சரிங்க சார்." நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு சுப்பராயலு சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.

திருநாவுக்கரசு நாற்காலிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். இருபது நாற்காலி. போடுவதும் அவர்தான், அடுக்குவதும் அவர்தான். அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் சூடாக இருந்தது.

'புதுநூல் வாசகர் வட்டம்' மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டியூஷன் சென்டர் ஹாலில் கூடும். கதை, கவிதை கிடையாது. வரலாறு, பொருளாதாரம், சுற்றுச்சூழல் என்று புதிதாக வந்த கட்டுரை நூல் ஒன்றைச் செயலாளர் திருநாவுக்கரசு படித்துவிட்டு வந்து பேசுவார். பிறகு, அதே நூலைப் படித்துவிட்டு வருகிறவர்களோடு கலந்துரையாடல். தொடங்கிய காலத்தில் வக்கீல்கள், வாத்தியார்கள், கலெக்டர் ஆபீஸ்காரர்கள் என்று கூட்டம் நன்றாகவே வந்தது. டீயும் சமோசாவும் நின்றபோது பாதிப் பேர் நின்றார்கள். மீதிப் பேர் வாட்ஸப் குழுவில் இருக்கிறார்கள். அறிவிப்பு போட்டால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள், கும்பிடு போடுவார்கள், வரமாட்டார்கள்.

சுப்பராயலு மட்டும் விடவில்லை. சிதம்பரத்தில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பஸ் ஏறி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவார். போன கார்த்திகையில் புயல் என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோதுகூடச் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"இந்த மழையில எதுக்கு சார் வந்தீங்க?" என்று திருநாவுக்கரசு பதறினார்.

"உங்க கூட்டத்தை எப்பிடி சார் விடுறது?" என்றார் சுப்பராயலு, வேட்டியைப் பிழிந்துகொண்டே.

அன்றைக்குத் திருநாவுக்கரசு வந்ததே, அந்த மனிதர் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து ஏமாந்து நிற்கக் கூடாதே என்றுதான். வாரம் முழுக்க அலுவலகத்தில் ஃபைலோடு மல்லுக்கட்டிவிட்டு, இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் நாற்காலி அடுக்கிக் கழிப்பதில் அவருக்கு அலுத்துப்போய் வருடக்கணக்காகிறது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ரேகா கேட்டாள். "சொல்லிட்டீங்களா?"

"அடுத்த மாசம் சொல்லிடறேன்."

"போன மாசமும் இதைத்தான சொன்னீங்க! போனைக் குடுங்க, நானே அவருகிட்ட சொல்றேன்."

"ஐயையோ வேணாம். அந்த மனுஷன் தாங்கமாட்டாரு. அவருக்கு இந்தக் கூட்டம்தான் உசுரு."

"அப்ப சென்னைக்கு?"

அதுதான் இப்போது நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் சிந்துஜா நேற்று போன் செய்திருந்தாள். ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு அங்கே பெரிய இலக்கிய விழா. 'அப்பா, நீ எப்பவும் சொல்லுவியே, அந்த வரலாற்று ஆய்வாளர், அவரும் பேசுறாரு. அம்மாவுக்கும் உனக்கும் இப்பவே சீட் போட்டாச்சு. ஒரு தடவையாவது கேக்குற பக்கம் உக்காருப்பா' என்றாள்.

கேட்கிற பக்கம்! இத்தனை வருடத்தில் திருநாவுக்கரசு அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. ஏசி ஹால், கையில் காபி, மேடையில் வேறு யாரோ மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, தான் சும்மா காலை நீட்டிக்கொண்டு கேட்பது. இந்த ஒன்றையாவது விடக் கூடாது.

இதையெல்லாம் சோபாவில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவன் ரேகாவின் தம்பி ஸ்ரீதர். முதுநகரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஆலோசனை சொல்லுவான்.

"மாமா, நீங்க நிறுத்துனாதான பாவம்? அவரா நின்னுட்டா?"

"அவரு எப்பிடி மச்சான் நிப்பாரு?"

"புக்கு பெருசா குடுங்க. ஓடிடுவாரு."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கூட்டத்துக்குத் திருநாவுக்கரசு தேர்ந்தெடுத்தது இந்திய நகரங்களின் சாக்கடை வரலாறு. கையில் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும் கனம். பின்னிணைப்பே தனிப் புத்தகம் போல இருந்தது. முன்னுரையையும் முதல் மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டு, இது போதும், எப்படியும் ஆள் வரப்போவதில்லை என்று போனார்.

சுப்பராயலு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் பஸ் டிக்கெட்டைக் கிழித்து அடையாளம் வைத்திருந்தார்.

"சார், கடைசி அத்தியாயத்துல ஒரு சந்தேகம்," என்று ஆரம்பித்தார்.

திருநாவுக்கரசுக்கு வேர்த்துவிட்டது. "நல்ல கேள்வி. அதை... விரிவா அடுத்த கூட்டத்துல பேசலாமே."

இப்படியாக ஒரே சாக்கடைக்கு இரண்டு மாதக் கூட்டம் ஆயிற்று. வேறு வழியில்லாமல் திருநாவுக்கரசு பின்னிணைப்பு உட்பட முழுதும் படித்தார். ரேகா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

"எடத்தையும் நேரத்தையும் மாத்துங்க மாமா," என்றான் ஸ்ரீதர். "எங்க கடைக்குப் பக்கத்துல ஒரு கருவாட்டு குடோன் இருக்குது. மாடி சும்மாதான் கிடக்குது. மத்தியானம் ரெண்டு மணிக்கு வைங்க. அக்னி நட்சத்திரம் வேற. ஒரு ஆளு நிக்க முடியாது."

உண்மைதான், ஒரு ஆள் நிற்க முடியவில்லை. அந்த ஒரு ஆள் திருநாவுக்கரசு. செங்குத்தான படிக்கட்டில் இருபது நாற்காலிகளையும் ஏற்றுவதற்குள் அவருடைய முழங்கால் கழன்றுவிடும் போல் இருந்தது. மேலே தகரக் கூரை, கீழிருந்து கருவாட்டு வாசனை. ஃபேனை அவரே வாடகைக்கு எடுத்து வந்தார், கரண்ட் போய்விட்டது.

இரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"உங்களுக்கும் சேத்துக் கொண்டாந்தேன் சார்," என்று சுப்பராயலு பையிலிருந்து ஒரு பாட்டில் மோரையும் இரண்டு பனையோலை விசிறிகளையும் எடுத்தார். பிறகு கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு ஒரு மணி நேரமும் கேட்டார். அவ்வப்போது கண்ணை மூடினார். இவ்வளவு ஈடுபாட்டோடு கேட்கிறவரை என்ன சொல்லி அனுப்புவது என்று திருநாவுக்கரசு பேசிக்கொண்டே கலங்கினார்.

கூட்டம் முடிந்தது. கதவருகே நின்று சுப்பராயலு கேட்டார்.

"அடுத்த மாசமும் உண்டுங்களா சார்?"

வெயிலில் சிவந்திருந்த அந்தக் கண்களைப் பார்த்தார் திருநாவுக்கரசு. "உண்டு. ஆனா நம்ம பழைய ஹால்லயே வச்சிக்கலாம்."

"மாமா, உங்களுக்கு எரக்கம் ஜாஸ்தி," என்றான் ஸ்ரீதர். "கடைசியா ஒண்ணு சொல்றேன். அவரையே பேசச் சொல்லுங்க. பேசுன்னா ஊர்ல எல்லாரும் ஓடுவாங்க. மைக்கைப் பாத்து ஓடாதவன் அரசியல்வாதி மட்டும்தான்."

திருநாவுக்கரசு போன் செய்தார். "சார், ஜூலைக் கூட்டத்துல நீங்கதான் பேசணும். நிலத்தடித் தண்ணியைப் பத்தி ஒரு புது புக்கு வந்திருக்குது."

மறுமுனையில் ஏதோ டம்ளர் உருண்ட சத்தம் கேட்டது.

"நானுங்களா?" என்று மெல்லக் குரல் வந்தது. "உங்களுக்கு அது சந்தோஷமா சார்?"

"ரொம்ப."

"அப்ப சரிங்க."

ஜூலைக் கூட்டத்தில் சுப்பராயலு பேசினார். முழு நீளத் தாளில் எழுதி வந்திருந்ததைத் தலை நிமிராமல் படித்தார். தாள் நடுங்கியது, குரலும் நடுங்கியது. மனிதர் எவ்வளவு உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று திருநாவுக்கரசு நினைத்துக்கொண்டார். கடைசியில் தானும் கேட்கிற பக்கம் உட்கார்ந்தாகிவிட்டது. ஆனால் அவர் கனவு கண்டது இது இல்லை. ஏசி இல்லை, காபி இல்லை. தூங்கவும் வழியில்லை, இருக்கிற ஒரே பார்வையாளர் தூங்கினால் தெரிந்துவிடும். தாள் தீர்ந்தபோது வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் கைதட்டினார். வெறும் ஹாலில் ஒற்றைக் கைதட்டல் கேட்பதற்கே பாவமாக இருந்தது.

கதவருகே சுப்பராயலு நின்றார். முகம் வெளுத்து, சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "அடுத்த மாசமும்..." என்று இழுத்தார்.

அடுத்த மாதம் ஆகஸ்ட். இரண்டாவது ஞாயிறு. திருநாவுக்கரசு கண்ணை இறுக மூடிக்கொண்டார், முகத்தைப் பார்த்தால்தானே இரக்கம் வருகிறது. ஆனால் மூடிய கண்ணுக்குள்ளும் அதே முகம்தான் நின்றது.

"உண்டு சார்," என்றது அவருடைய வாய்.

அன்று ரேகா சத்தமே போடவில்லை. "ஒங்க டிக்கெட்டுல நான் வேற யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போறேன்," என்று மட்டும் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

விழாவுக்கு முதல் நாள், சனிக்கிழமை. திருநாவுக்கரசு ஒரு முடிவோடு சிதம்பரம் பஸ் ஏறினார். போனில் சொல்வது மரியாதையில்லை. நேரில் போய், கையைப் பிடித்துக்கொண்டு, உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும். அழுதால் தேற்றிவிட்டுத்தான் வர வேண்டும். ஒரு பொன்னாடையும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்ததில், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் மாறிவிட்டார்.

வடக்கு வீதியிலிருந்து பிரிகிற சந்தில் மூன்றாவது வீடு. கதவைத் திறந்தது சுப்பராயலுவின் மனைவி தங்கம்மாள். இதற்கு முன் இருவரும் பார்த்துக்கொண்டதில்லை.

"அவரு இல்லீங்களே. கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. நீங்க?"

"கடலூருங்க. அவரு வர்ற புத்தகக் கூட்டத்துல பழக்கம்."

தங்கம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சட்டென்று முகம் கனிந்துவிட்டது. "நீங்களும் அந்தக் கூட்டத்துக்குப் போறவரா? உள்ள வாங்க, உக்காருங்க. பாவம்."

எதற்குப் பாவம் என்று திருநாவுக்கரசுக்குப் புரியவில்லை. வெயிலில் வந்ததைச் சொல்கிறாள் போலிருக்கிறது. உள்ளே மேசைமேல் சாக்கடை வரலாறு கிடந்தது, பஸ் டிக்கெட்டுகளோடு. அதன்மேல் ஒரு கண் சொட்டு மருந்து. அதைப் பார்த்ததும் அவருக்குக் குற்ற உணர்ச்சி பொங்கியது. எப்பேர்ப்பட்ட வாசகர்! கண் கெட்டாலும் விடாமல் படிக்கிற மனிதரைப் போய்க் கைவிடத் துணிந்தோமே.

தங்கம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"அம்மா, ஒரு விஷயம். அவருக்குப் பக்குவமா நீங்கதான் சொல்லணும். அந்தக் கூட்டத்தை இனிமே நிறுத்திடலாம்னு இருக்காங்க."

தங்கம்மாள் கையிலிருந்த சொம்பை மேசைமேல் வைத்தாள். சற்று நேரத்தில் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. திருநாவுக்கரசு பதறி எழுந்துவிட்டார்.

"அழாதீங்கம்மா! எனக்கும் வருத்தம்தான். அவருக்கு அந்தக் கூட்டம் உசுருன்னு தெரியும்..."

"உசுரா?" தங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூஜை அலமாரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "தான் ஒருத்தன் போகலைன்னா அந்தச் செயலாளரு மனசு ஒடைஞ்சி போயிடுவாருன்னுதான் சார் இவரு இத்தினி வருஷமா போய்ச் செத்துக்கிட்டு இருக்காரு, மாசாமாசம் வாசல்ல நின்னு 'அடுத்த மாசமும் உண்டுங்களா'ன்னு கேட்டுக் கேட்டுப் பாக்குறாரு, அந்தப் பாவி மனுஷன் ஒரு தடவையாச்சும் 'இல்லை'ன்னு சொல்லித் தொலைச்சாதான!"