இரண்டாவது விளக்கு

வளன் வீட்டு மாதா சுரூபம் இன்றைக்கும் ஒரு சாம்பல் நிற ஐ.எஸ்.டி.என். டெலிபோன் பெட்டியின் மேல்தான் நிற்கிறது. செல்போனில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பேசுகிற இந்தக் காலத்தில் அந்தப் பெட்டிக்கு வேறு வேலை இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் அதற்கு இருந்த மரியாதை வளனுக்கே இருந்ததில்லை.

அப்போதுதான் அவர் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். முப்பது வருடம் ஒயர்லெஸ்ஸில் கப்பல்களைக் கூப்பிட்ட குரல். வீட்டில் கூப்பிட்டால் பூனைகூடத் திரும்பாது. அந்த மனக்குறையோடு இருந்தவரை, தவக்கால வாசகங்களை வீட்டிலிருந்தே டெலிபோன் வழியாக வாசித்து அனுப்பச் சொல்லிச் சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக்கூடம் கேட்டது. கர்த்தர் கண் திறந்தார் என்று வளன் மைக் வாங்கினார். எதிர்வீட்டு லைன்மேன் சங்கரபாண்டியன் டெலிபோன் லைனை மாற்றிப் பெட்டியை மாட்டினார்.

"ஒரே கம்பியில ரெண்டு லைன் அண்ணாச்சி. பெட்டியில ரெண்டு விளக்கு எரியும்."

"ரெண்டும் என் குரலுக்குத்தான்," என்று வளன் அன்றே மனைவிக்குச் சட்டம் போட்டார். "ஏளா விக்டோரியா, அஞ்சுல இருந்து அஞ்சரை வரைக்கும் மிக்சி ஓடக்கூடாது, குக்கர் கத்தக்கூடாது. நீயுந்தான்."

"ரெக்சன் அந்நேரந்தான பேசுவான்?"

மகன் ரெக்சனுக்குக் கப்பலில் வேலை. பழுது பார்ப்பதற்காகக் கப்பல் சிங்கப்பூரில் நின்றது. அவனுக்கு ஓய்வு கிடைப்பதே அந்த நேரத்தில்தான்.

"லெட்டர் போடச் சொல்லு."

விக்டோரியா தினமும் அஞ்சு மணிக்கு ஜெபமாலையோடு அடுப்படிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். 'முப்பது வருசத்துல முதல் தடவையா நம்ம பேச்சு எடுபட்டுட்டு' என்று வளனுக்கு நெஞ்சு நிறைந்தது.

ஒன்பது நாள் ஒத்திகை. வளன் சென்னையைக் கூப்பிட்டதும் முதல் விளக்கு எரியும். இரண்டாவது கொஞ்சம் யோசித்துத்தான் எரியும்.

"என் குரலோட கனத்த அளந்து பாத்துட்டு எரியுது," என்று சங்கரபாண்டியனிடமே விளக்கம் சொன்னார். அவர் ஏனோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தவக்காலத்தின் முதல் நாள், திருநீற்றுப் புதன். உண்மையான ஒலிப்பதிவு. சென்னை ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து சிவப்பிரகாஷ், "ஆரம்பிக்கலாம் சார்" என்றான். இரண்டாவது விளக்கு எரியவில்லை.

வளன் பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "பொறுங்க தம்பி, பாதிக் குரல் கடல்ல விழுந்துட்டு," என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்ச் சங்கரபாண்டியனைக் கையோடு இழுத்து வந்தார்.

சங்கரபாண்டியன் பெட்டியைப் பார்க்கவில்லை. குசினியைப் பார்த்தார். "மைனி, நீங்களே சொல்லிருங்க."

விக்டோரியா கதவைத் திறந்தாள். "ரெக்சன் கப்பல் நேத்தே கெளம்பிட்டு. இன்னைக்கு எரியாது."

அரிசிப் பானைக்குள், மணிச் சத்தம் வெளியே கேட்காதபடி துண்டு சுற்றின பழைய போன். அதன் வயர் ஜன்னல் வழியாகப் பெட்டிக்குப் போயிருந்தது.

"ஜெபமால சொல்லுதன்னுல்லா நெனச்சேன்?"

"சொன்னேனே. அவன் போன் வாரதுக்குள்ள ஜெபமாலையில பத்து மணி உருட்டி முடிச்சிருவேன்."

"என் குரல்ல பாதியத் திருடியிருக்க. மெட்ராஸ்ல என்ன நெனப்பாங்க?"

"அவங்ககிட்ட முதல் நாளே கேட்டுட்டேன். பாட்டுன்னாத்தான் ரெண்டு லைன் வேணுமாம். உங்களுக்கு ஒண்ணே தாராளம்னாரு அந்தத் தம்பி."

வளன் ஹெட்போனை மறுபடி மாட்டினார். மைக் இவ்வளவு நேரமும் திறந்துதான் இருந்திருக்கிறது.

"அம்மா குரல் அருமையா கேக்குது சார்," என்றான் சிவப்பிரகாஷ். "முதல் வாசகத்த அவங்களே வாசிக்கட்டுமே?"