ஒழுகாத கொப்பரை

மேல்விஷாரம்,
12 ஆகஸ்ட் 1934

சிரஞ்சீவி மாப்பிள்ளை சுந்தரமூர்த்திக்கு மாமனார் ஆதிகேசவன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அவ்விடம் நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் வக்கீல் வேலையை என் தலையில் கட்டிவிட்டீர்களே.

தோல் பதனிடும் டேனரி வைத்திருக்கும் ஆபித் பாஷா கறுப்பு மண்ணெண்ணெயைக் கொப்பரையில் காய்ச்சி, ஆட்டுத்தோலின் கொழுப்பை எடுக்க லேசான எண்ணெய் செய்துகொள்கிறார். 'மூடிய பாத்திரத்தில் இடைவிடாமல் காய்ச்சி எண்ணெயை உடைப்பது' தங்கள் பேட்டண்டு, வேறு யாரும் செய்யக்கூடாது என்று பட்டணத்துக் கம்பெனி நோட்டீஸ் விட்டது. கொப்பரை ஒழுகுகிறது, ஆகவே அது மூடிய பாத்திரமில்லை; அடுப்பை நிறுத்துகிறோம், ஆகவே இடைவிடாமல் இல்லை என்று பாஷாவிடம் கையெழுத்து வாங்கச் சொன்னீர்கள். ரிட்டயரான இங்கிலீஷ் வாத்தியாருக்கு இது சுலபம் என்றும் எழுதினீர்கள்.

பாஷா முகம் சிவந்துபோனார். "இன்னா வாத்தியாரே, என் கொப்பரை ஒழுகுதுன்னு நானே எழுதித் தரணுமா?"

"ஒழுகினால்தான் ஜெயிக்கலாம் பாய்."

"அப்போ தோத்துக்கறேன்."

கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்கவைத்து மறுநாள் கொப்பரையைப் பார்க்கப் போனால், மேஸ்திரி வேலாயுதம் மூடிக்குப் புது போல்ட்டு முடுக்கி, சுற்றிலும் களிமண் பூசி நிற்கிறான். ஆவி ஒரு இழை வெளியே வரவில்லை. "ஒழுகுதுன்னு நீங்க பேசிக்கினீங்களே சார், சரி பண்ணிட்டேன்" என்றான். அடுப்பை எப்போது நிறுத்துவாய் என்று கேட்டேன். சோம்பேறி என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நிறுத்துனதே இல்ல சார், சோறுகூட இங்கயே நின்னுதான்" என்று கண் கலங்கினான்.

மிச்சமிருந்தது, 'உடைப்பது' என்பதற்கு நோட்டீசில் போட்டிருந்த 'கிராக்கிங்' என்ற இங்கிலீஷ் வார்த்தை. வெடிப்பது, பிளப்பது என்று நான் உரக்க விளக்கியது வேலிக்கு வெளியே போய், பாஷாவின் தோல் வெடிக்கிறது என்று ஆம்பூர்வரை பரவிவிட்டது. அங்கிருந்து ஒரு வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். இருபது வருஷத் தோஸ்தான பாஷா, "இனிமே என் வாசப்படி ஏறாதீங்க" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் ரொம்ப பேஜாராக இருக்கிறது. நோட்டீசையும் பேட்டண்டின் நகலையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி ஒரு வார்த்தைக்கும் என்னிடம் அர்த்தம் கேட்க வேண்டாம்.

என் மகள் செண்பகத்துக்கும் உங்களுக்கும் சகல சௌபாக்கியமும், ஒரு நல்ல அகராதியும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆதிகேசவன்

பின்குறிப்பு: உறையில் போடும்போது உங்கள் மாமியார், "இந்த பேட்டண்டுக்கு ஆயுசு எத்தினி வருஷம்?" என்று கேட்டாள். பதினாறு என்றேன். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். இந்த நகல் மேல 1917ன்னு போட்டிருக்குதே?" என்றாள். பேட்டண்டு போன வருஷமே காலாவதி; பாஷா கொப்பரை வைத்தது இந்தச் சித்திரையில்தான். நானும் பார்க்கவில்லை, வக்கீலாகிய நீங்களும் பார்க்கவில்லை. அவர் வாசற்படியை நான் ஏற முடியாது; உடனே நீங்கள் அவருக்குத் தந்தி அடியுங்கள். கண்டுபிடித்தது நான் என்று போடவும்.