சம்பந்தியைப் பிடித்து வைத்த மேசை

சகலை என்ற உறவைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் மூத்த மாப்பிள்ளையாக இருந்திருக்க முடியாது. மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்ட ஒரே தகுதியில் ஒருவன் மாமனார் வீட்டுக்குள் நுழைந்து, நமக்கு வரவேண்டிய மரியாதையில் பாதியை எடுத்துக்கொள்வான். நாம் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் சகலை செல்வராஜ் பாதியோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

எழுபதுகளில் நடந்தது இது. மாமனார் வீடு மணிமங்கலத்தில். நான் தாம்பரத்தில் குமாஸ்தா. செல்வராஜ் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஈஸ்டருக்கு வந்தவன், ஆடிக்கொண்டிருந்த நாற்காலி ஒன்றைச் சரிசெய்துவிட்டான். அன்று கோழிக் குழம்பில் தொடை இரண்டும் அவன் இலைக்குப் போயின. எனக்குக் கழுத்து. (நாற்காலிக்கே இவ்வளவு என்றால் கட்டிலைச் சரிசெய்தால் முழுக் கோழியா என்று மனைவியிடம் கேட்டேன்.)

அதன்பின் கடைசி மச்சினி ஸ்டெல்லாவுக்கு வரன் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வருவதாக ஏற்பாடு. கூடத்தில் இருந்த பழைய தேக்கு மேசையில்தான் அவர்களை உட்காரவைக்க வேண்டும். அதிலோ, இஸ்திரிப் பெட்டியிலிருந்து விழுந்த நெருப்புக் கரி உள்ளங்கை அகலத்துக்குச் சுட்டு வைத்திருந்தது. செல்வராஜிடம் சொல்லியிருப்பதாக மாமனார் சொன்னார். அவ்வளவுதான், நானே செய்கிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது.

மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களா, மாப்ளே?”

சனிக்கிழமை லீவு போட்டேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு தச்சர் அதிகாரியின் மேசைக்குப் பாலிஷ் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். (ஜன்னல் வழியாக. இரண்டு அறை தள்ளி.) உப்புத்தாளால் தேய்த்ததில் கறுப்பு பாதிதான் போனது. மீதியைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். கறுப்பு போய்விட்டது, அந்த இடத்தில் பள்ளம் வந்துவிட்டது. மரத்தூளைப் பசையில் குழைத்துப் பள்ளத்தை அடைத்தேன். தேக்குக்கு வெண்குஷ்டம் வந்தது போல் இருந்தது. அதை மறைக்க மேசை முழுவதையும் தேய்த்து, படப்பைக் கடையில் வாங்கிவந்த அரக்குப் பாலிஷைப் பூசினேன். கடைக்காரர் தூசி ஊதிக் கொடுத்த புட்டி அது. பழைய சரக்கு என்றால் வீரியம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் செல்வராஜ் வந்து பார்க்க வேண்டுமே என்று, ஒரு பூச்சு காயும் முன்பே அடுத்ததைப் பூசினேன்.

மேசை தகதகவென்று மின்னியது. செல்வராஜ் வந்தான். குனிந்து மேசையை முகர்ந்து பார்த்தான்.

“காலையில காஞ்சிடுமா, சகல?” என்றான்.

வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டினேன். என் வாழ்க்கையின் மிக இனிமையான சாயங்காலம் அது.

மறுநாள் மாப்பிள்ளையின் தகப்பனார் கஞ்சி போட்ட வெள்ளை ஜிப்பாவில் வந்து அமர்ந்து, முழங்கைகள் இரண்டையும் மேசைமேல் வைத்தார். தேக்கின் அழகைப் பாராட்டினார். நான் செல்வராஜைப் பார்த்துப் புன்னகைத்தேன். பேச்சு நல்லபடியாகப் போனது. காப்பி வந்தது. அவர் டம்ளருக்குக் கை நீட்டினார். கை வரவில்லை. இன்னொரு கையை உயர்த்தினார். மேசையும் கூடவே லேசாக எழும்பி வந்தது.

உள்ளே ஸ்டெல்லா விசும்புவது கேட்டது. எனக்குச் சுவரோடு சுவராகிவிடலாம் போலிருந்தது.

பெரியவர் ஜிப்பாவைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். “இன்னா சம்பந்தி, பேசி முடிக்கறதுக்குள்ளயே புடிச்சி வச்சிக்கினீங்க?”

முதலில் சிரித்தது செல்வராஜ். பிறகு வீடே சிரித்தது. மாப்பிள்ளைப் பையன் எழுந்து, ஸ்டவ் பற்றவைக்கும் ஸ்பிரிட் இருக்கிறதா என்று கேட்டான். ஸ்டெல்லாவே கொண்டுவந்து கொடுத்தாள். அவன் துணியை அதில் நனைத்து, தகப்பனாரின் கைகளைப் பதமாக விடுவித்தான். மாமியார் அவனைப் பார்த்த பார்வையை நான் அறிவேன். ஈஸ்டருக்குச் செல்வராஜைப் பார்த்த அதே பார்வை.

அன்றே தேதி குறித்தார்கள். ஒரு சகலையை மட்டம் தட்டப் போன எனக்கு இரண்டு சகலைகள் ஆனார்கள். அடுத்த மாதமே இருவரும் சேர்ந்து அந்த மேசையைப் புதுசு போல் ஆக்கினார்கள். என்னைப் பக்கத்தில் வரவேண்டாம் என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

வெகுகாலம் கழித்து என் மகளைப் பெண் பார்க்க வரவிருந்தார்கள். நல்ல இடம், கைநழுவக் கூடாதே என்று என் மனைவி கவலைப்பட்டாள். மகள் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்: “ஏம்மா பயப்படற? அப்பாவ வுட்டு நாற்காலிக்கெல்லாம் பாலிஷ் போடச் சொல்லு. யார் எழுந்து போறாங்கன்னு பாத்துடலாம்.”